டிக்கெட் வாங்கினால் முகத்தையும் கொடுத்துவிட்டதாக அர்த்தமா?

வீடியோ கேம் போட்டிகள் இன்று பெரிய அரங்குகளுக்கு வந்துவிட்டன. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக அங்கீகரித்தது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. கூட்டம் பெருகினால் கேமராவும் பெருகும்; அதில் தவறில்லை. ஆனால் இந்த அரங்குகளில் மேடையிலும் சரி, பார்வையாளர் வரிசையிலும் சரி, 18 வயது நிறையாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2019-இல் நியூயார்க்கில் ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையின் தனிநபர் பட்டத்தையும் 30 லட்சம் டாலரையும் வென்ற கைல் கியர்ஸ்டோர்ஃபுக்கு அப்போது வயது 16. அடுத்த மாதமே யாரோ ஒருவர் பொய்த் தகவல் கொடுத்து அவர் வீட்டுக்குப் போலீஸை வரவழைத்தார். புகழ் வந்த வேகத்தில் ஆபத்தும் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட்டிலோ பதிவுப் படிவத்திலோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: உள்ளே வருபவர் படம் எடுக்கப்படுவதற்குச் சம்மதிக்கிறார் என்று. பெரியவர்களைப் பொறுத்தவரை அது அமைப்பாளருக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆரவாரிக்கும் கூட்டத்தைப் படமெடுத்துச் செய்தியாகப் போடுவதை அநேகமாக யாரும் தடுக்க முடியாது. அதே கூட்டத்திலிருந்து உங்கள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ஹெட்செட் விளம்பரத்தில் ஒட்டினால் அது வேறு விஷயம். நக்கீரன் இதழின் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது.

சிறுவர்கள் விஷயத்தில் அந்தப் பொடி எழுத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்ததிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். பதினாறு வயதுப் பையன் செல்போனில் ‘ஏற்கிறேன்’ என்று தட்டியதை வைத்து அவன் முகம் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் வாதாட முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதுவரை காத்திராமல் இப்போதே அப்படி நடப்பவரே நல்ல அமைப்பாளர்.

ஆபத்து பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டையின் க்யூஆர் குறியீடு, பையில் எழுதிய பள்ளியின் பெயர், திரையில் தெரியும் கணக்கின் ஐடி, படத்தோடு சேர்ந்து போகும் இருப்பிட விவரம் ஆகியவை போதும், ஒரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க. பெண் கேமர்களுக்கும், கதாபாத்திர வேடமிட்டு வரும் பெண்களுக்கும் இது இன்னும் கொடியது. உடையைக் குறிவைத்து ஜூம் செய்து எடுப்பதும், முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டுவதும் ரசிகர் ஆர்வம் ஆகாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

படமெடுப்பவருக்கும் உரிமைகள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். நீங்களாகப் போய் எடுத்த படத்தின் காப்புரிமை உங்களுடையது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். அதனால் வேலைக்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். யார் கையில் காப்புரிமை இருந்தாலும், எடுத்தவர் நான்தான் என்று உரிமை கோருவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு காக்கிறது. உரிமையோடு பொறுப்பும் உண்டு. ஃப்ளாஷ் வேண்டாம்: ஆட்டக்காரரின் கவனம் சிதறும், ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கும் ஆபத்து. தோற்றுப்போய் அழும் சிறுவனை நெருங்கி எடுக்கும் ஷாட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டம் தடுக்காவிட்டாலும் அதை எடுக்காமல் விடலாம்.

படம் தவறாகப் போய்விட்டால் முதலில் அழிக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். பதிவின் முகவரி, தேதி, கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் குழந்தையின் ஆபாசப் படம் என்றால் அதைப் பிரதி எடுக்காமல், முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போங்கள். சாதாரணப் படம் என்றால் அமைப்பாளருக்கு எழுத்தில் நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். அடுத்து அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர் அலுவலர். அவர் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மார்பிங், ஆபாசம், மிரட்டல் என்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ 1930 எண்ணிலோ உடனே புகார் செய்யுங்கள். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 1098 உதவி எண்ணும் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளையின் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் படம் பற்றிய பத்தியைப் படியுங்கள். விளம்பரத்துக்கும் பயன்படுத்துவோம் என்றிருந்தால் அந்த வரியை நீக்கித் தரும்படி அமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.