தள்ளியது விழுந்ததா?

கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்பக்க முகவரியில் 605009 என்ற பின்கோடு இருந்தால், பெரும்பாலும் அது புதுச்சேரி தட்டாஞ்சாவடி வட்டாரத்துச் சரக்கு. ஒரே ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இருக்கிறது, தொழிற்பேட்டையும் இருக்கிறது. விற்பனைக்கூடத்தில் மணிலா மூட்டையைப் பிரித்து, நாலு கொட்டையை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேச நேரம் உண்டு. நிமிடத்துக்கு 300 டப்பா ஓடும் பேக்கிங் லைனில் ஒரு டப்பாவுக்குக் கிடைப்பது 0.2 வினாடிதான். அதற்குள் பார்த்து, தீர்மானித்து, கெட்டது என்றால் வெளியே தள்ளியாக வேண்டும். இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாத்திரை லைனை வைத்துச் சொல்கிறேன். பிஸ்கட், சோப்பு, மசாலாப் பொடி எதுவானாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதல் கேமரா அட்டை மூடப்படுவதற்கு முன்பே நிற்கும். குழிகளில் மாத்திரை விழுந்ததும், ஃபாயில் ஒட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும். இருபுறமும் அலுமினியம் வைத்து மூடும் அட்டையில் அதற்குப் பிறகு உள்ளே எதுவும் தெரியாது. காலிக் குழி, உடைந்த மாத்திரை, வேறு நிற மாத்திரை ஆகிய மூன்றையும் அது தேடுகிறது. இங்கே கேமராவைவிட வெளிச்சம்தான் பெரிய வேலை. பளபளக்கும் அலுமினியத்தில் நேர் விளக்கு அடித்தால் படம் முழுக்க வெள்ளைத் திட்டு. ஆகவே குவிந்த வெள்ளை மூடிக்குள் ஒளியைச் சிதறவிட்டு மெதுவாக இறக்குவார்கள். கறுப்பு வெள்ளைக் கேமராவில் மஞ்சள் மாத்திரை எடுப்பாகத் தெரிய நீல வெளிச்சம் போதும்; மாத்திரை கறுத்துத் தெரியும்.

அடுத்து, படம் எடுக்கும் கணம். 20 சென்டிமீட்டருக்கு ஒரு டப்பா என்று வைத்தால், நிமிடத்துக்கு 300 டப்பா ஓட பெல்ட் வினாடிக்கு ஒரு மீட்டர் நகர வேண்டும். ஆயிரத்தில் ஒரு வினாடி கேமரா திறந்திருந்தாலே டப்பா ஒரு மில்லிமீட்டர் ஓடிவிடும். பேட்ச் எண்ணின் கோடுகள் அதைவிட மெல்லியவை, எழுத்து இழுபட்டுப் போகும். பத்தாயிரத்தில் ஒரு வினாடி வைத்தால் இழுவை 0.1 மில்லிமீட்டரில் நிற்கும். அந்தச் சிறு பொழுதுக்குள் போதிய ஒளி கிடைக்க எல்.இ.டி. விளக்கு கேமராவோடு சேர்ந்து மின்னும்.

டப்பாவில் போட்ட பிறகு சோதனைகள் வரிசையாக வருகின்றன. அட்டைப்பெட்டியின் மடிப்பில் இருக்கும் கோட்டுக் குறியீட்டைப் படித்து, வேறு மருந்தின் பெட்டி கலந்துவிட்டதா என்று ஒரு ரீடர் பார்க்கும். பேட்ச் எண், தயாரிப்பு, காலாவதித் தேதிகளை இன்னொரு கேமரா எழுத்தெழுத்தாக வாசிக்கும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயமாகிவிட்டதால், அது படிக்கும்படி அச்சாகியிருக்கிறதா என்பதும் இங்கேயே முடிவாகும். கடைசியில் ஓடும் தராசு. ஓர் அட்டை குறைந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

உணவுப் பொருள் என்றால் தராசுக்குச் சட்டமும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி 500 கிராம் பொட்டலத்தில் 15 கிராம் வரை பிழை பொறுக்கப்படும். உலோகம் கண்டறியும் கருவியும் அங்கே கூடுதலாகச் சேரும். நடுச் சுருள் காந்தப்புலம் அனுப்ப, இருபக்கச் சுருள்களின் சமநிலை குலைந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று பொருள். ஈரமும் உப்பும் உள்ள ஊறுகாய் தானே சமநிலையைக் குலைக்கும். ஃபாயில் உறையும் அப்படித்தான். அங்கெல்லாம் எக்ஸ்ரேதான் உதவும்.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. இறுக்கினால் நல்ல சரக்கும் ரிஜெக்ட் பெட்டியில் குவியும். ராத்திரி ஷிஃப்டில் அது கொட்டிக்கொண்டே இருந்தால் ஆப்பரேட்டர் அளவைத் தளர்த்திவிடுவார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் அமைப்பை மாற்றக் கடவுச்சொல்லும், யார் எப்போது மாற்றினார் என்ற அழிக்க முடியாத பதிவும் வைக்கிறார்கள்.

இந்த மெஷின் வாங்கப் போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது, தள்ளியது விழுந்ததா என்பதை எது பார்க்கிறது என்று. கேமரா கெட்டது என்று சொல்லும் இடம் ஒன்று, காற்று ஊதித் தள்ளும் இடம் அதற்கு ஒரு மீட்டர் தள்ளி. நடுவில் அந்த டப்பாவைத் தொலைக்கக் கூடாது. நேரத்தை எண்ணினால் பெல்ட் வேகம் குறையும்போது பக்கத்து நல்ல டப்பா விழும், கெட்டது போய்விடும். ஆகவே பெல்ட் உருளையில் பொருத்திய என்கோடரின் துடிப்பை எண்ணுகிறார்கள். பெல்ட் நின்றால் எண்ணிக்கையும் நிற்கும்.

ஊதும் காற்றின் அழுத்தம் குறைந்தால் லைன் தானாக நிற்க வேண்டும். ரிஜெக்ட் பெட்டியின் வாயில் ஒரு சென்சார், விழுந்ததை எண்ண. விழவேண்டியது விழாவிட்டாலும் லைன் நிற்கும். பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி தரக்கட்டுப்பாட்டுக்காரரிடம். கேமராவின் கேபிள் கழன்று பதிலே வராவிட்டால் அந்த டப்பா கெட்டது என்றுதான் கொள்ளப்படும். இதைத் தலைகீழாக அமைத்த மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஷிஃப்ட் தொடங்கும்போது குறையுள்ள டப்பாக்களை வேண்டுமென்றே ஓடவிடுவார்கள்: தேதி அச்சாகாதது, ஓர் அட்டை குறைந்தது, தவறான பெட்டி. உலோகக் கருவிக்கு இரும்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு பதித்த சோதனைத் துண்டுகள். ஒன்று தப்பினாலும் லைன் ஓடாது. நடுவில் ஒரு சோதனை தோற்றால், அதற்கு முந்தைய வெற்றிச் சோதனைக்குப் பிறகு கட்டியது எல்லாம் மறுபடி பெல்ட்டில் ஏறும்.

பேட்ச் முடிந்ததும் பூட்டைத் திறந்து ரிஜெக்ட் டப்பாக்களைக் கையால் எண்ணி, மெஷின் காட்டும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். ஒன்று குறைந்தால் சரக்கு லாரியில் ஏறாது. பெல்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடத் தொடங்குவார்கள்.