எழும்பூரில் இறங்கியதும் ரூம் தேடுறீங்களா? வாடகையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்க!

விடிந்தும் விடியாத நேரம். பொதிகை, பாண்டியன், நெல்லை என்று தெற்கிலிருந்து வரும் ரயில்கள் எழும்பூருக்குள் நுழையும் நேரம் அது. காந்தி இர்வின் சாலைப் பக்கம் வெளியே வருகிறவர்களில் இப்படி ஒரு குடும்பத்தைத் தினமும் பார்க்கலாம். தோளில் தூங்கும் குழந்தையோடு அப்பா, கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு அம்மா, ஒயர் கூடையோடு பாட்டி. சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் குளிக்க, குழந்தைக்குப் பால் கொடுக்க, பாட்டி கொஞ்சம் காலை நீட்ட ஓர் அறை வேண்டும்.

“ரூமா சார்? வாங்க, கம்மியில காட்டுறேன்” என்றபடி ஒரு ஆட்டோக்காரர் பையைத் தூக்கிக்கொள்வார். அலுப்பில் இருக்கும் குடும்பமும் பின்னாலேயே போகும். பணம் கரைய ஆரம்பிப்பது இங்கேதான். ஆளைக் கூட்டிவந்தவருக்கு லாட்ஜ் கொடுக்கும் கமிஷன், கடைசியில் அறை வாடகையில்தான் வந்து சேரும்.

சென்னையின் மையப் பகுதியில் கட்டுப்படியாகும் அறைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கே தேடுவது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

எந்த ஏரியா, யாருக்கு?

ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்க இடம் கொடுப்பது சென்னைக்குப் பழைய பழக்கம். சென்ட்ரல் ஸ்டேஷன் 1873-ல் வந்தது. வெளியூர்ப் பயணிகளுக்காக அதன் எதிரிலேயே ராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது. எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறக்கப்பட்டது. அன்று சத்திரம் செய்த வேலையை இன்று செய்வது ஸ்டேஷனைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலையும், அதை ஒட்டிய கென்னட் லேனும் லாட்ஜ்களுக்குப் பெயர்போனவை. அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை மூன்றும் எழும்பூரிலேயே இருக்கின்றன. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வருகிறவர்கள் சென்ட்ரலுக்குப் பின்புறம் உள்ள பெரியமேட்டிலும் விசாரிக்கலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பூங்கா நகர்ப் பக்கம் உள்ள ‘பார்க்’. இறங்கினால் ஜி.ஹெச். பக்கத்திலேயே. மெட்ரோவிலும் எழும்பூருக்கு அடுத்தது சென்ட்ரல்தான். காலையும் மாலையும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அப்படியே மிச்சம்.

திருவல்லிக்கேணி, மேன்ஷன்களின் ஊர். வேலை தேடி வந்த பல தலைமுறை இளைஞர்களுக்கு மாத வாடகையில் இடம் கொடுத்த பேட்டை. தினவாடகை லாட்ஜ்களும் உண்டு. தேர்வு, இன்டர்வியூ என்று தனியாக வருகிறவர்களுக்கும், பார்த்தசாரதி கோயில், மெரினா என்று வருகிறவர்களுக்கும் ஏற்ற இடம். மெஸ்களில் வயிறார, செலவில்லாமல் சாப்பிடலாம். ஒரே எச்சரிக்கை, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் இந்தப் பக்கம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாண முகூர்த்த நாட்களிலும் தொடர் விடுமுறையிலும் நகரம் முழுக்க வாடகை ஏறும்.

லாட்ஜ் சூழல் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களும் தனியாக வரும் பெண்களும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் விடுதியில் கேட்டுப் பார்க்கலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

‘எவ்வளவு’க்கு முன் ‘எத்தனை மணி’

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ரிசப்ஷனில் எல்லோரும் முதலில் கேட்பது “வாடகை எவ்வளவு?” கேட்க வேண்டியது, “செக்-அவுட் எத்தனை மணி?”

லாட்ஜ்களில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, 12 மணிக் கணக்கு. நீங்கள் எப்போது நுழைந்தாலும் மதியம் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். இன்னொன்று, 24 மணி நேரக் கணக்கு. சாவி வாங்கிய நிமிடத்திலிருந்து ஒரு நாள். காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் மொத்தச் செலவையும் தீர்மானிக்கிறது.

உதாரணத்துக்கு, அந்தக் குடும்பம் திங்கள் காலை 6 மணிக்கு அறை எடுத்து, செவ்வாய் மாலை 7 மணிக்குக் காலி செய்து இரவு ரயிலைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட்ஜில் வாடகை 900 ரூபாய், 12 மணிக் கணக்கு. அடுத்த லாட்ஜில் 1,100 ரூபாய், 24 மணி நேரக் கணக்கு. பார்த்தவுடன் 900 ரூபாய் அறைதான் லாபமாகத் தெரியும்.

கணக்குப் போட்டால் கதை மாறிவிடும். முதல் லாட்ஜில் திங்கள் 12 மணியோடு ஒரு நாள், செவ்வாய் 12 மணியோடு இரண்டாம் நாள், மாலை வரை இருந்தால் மூன்றாம் நாள். ஆக 2,700 ரூபாய். இரண்டாவது லாட்ஜில் செவ்வாய் காலை 6 மணியோடு ஒரு நாள், மாலை வரைக்கும் இன்னொரு நாள். ஆக 2,200 ரூபாய். ‘விலை கூடிய’ அறையில் 500 ரூபாய் மிச்சம்!

இன்னும் குறைக்கவும் வழி இருக்கிறது. செவ்வாய் காலை 6 மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டு, பைகளை மட்டும் லாட்ஜ் கவுன்ட்டரிலோ ரயில் நிலைய கிளோக் ரூமிலோ வைத்துவிட்டால், 1,100 ரூபாயோடு முடிந்தது. கிளோக் ரூமில் வைக்கும் பைகளுக்குப் பூட்டு இருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். ஆனால், நோயாளியோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் இந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஊசி போட்ட குழந்தையோடு நாள் முழுக்க வெயிலில் உட்காருவது, மிச்சப்படுத்தும் பணத்தைவிடப் பெரிய செலவு.

12 மணிக் கணக்கு வைத்திருக்கும் சில இடங்களில், சீக்கிரம் வருகிறவர்களுக்கு அரை நாள் வாடகை மட்டும் வாங்குவார்கள். ஓரிரு மணி நேரம் கூடுதலாக இருக்கவும் விடுவார்கள். கேட்டால்தான் தெரியும். அதுவும் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் அறை

சில மணி நேரம் குளித்து, உடை மாற்றி, ஓய்வெடுத்தால் போதும் என்கிறவர்கள் லாட்ஜுக்கே போக வேண்டியதில்லை. ரயில் நிலைய ஓய்வறைகளை ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும் அல்லது ஆர்.ஏ.சி-யில் இருக்க வேண்டும். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று காலியாக இருப்பவற்றைக் காட்டும். தனியாக வருகிறவர்களுக்கு டார்மெட்டரி படுக்கைகளும் உண்டு. அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். டிக்கெட் உறுதியான அன்றே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எழும்பூரில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. உங்கள் ரயில் எதுவரை வருகிறது என்று பார்த்த பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள்.

போனில் பார்த்தது, நேரில் இருக்குமா?

ஆப்பில் பெரிய எழுத்தில் தெரிவது அடிப்படை வாடகை. வரி, கட்டணம் எல்லாம் கடைசித் திரையில்தான் வந்து உட்காரும். எத்தனை பேருக்கு, குழந்தைக்குத் தனிக் கட்டணமா, ரத்து செய்தால் பணம் திரும்புமா, மூன்றையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். “தண்ணி வரலை”, “மூட்டைப்பூச்சி” போன்ற வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஆப்பில் விலையைப் பார்த்துக்கொண்டு லாட்ஜுக்கே நேரடியாகப் போன் செய்வதும் நல்ல வழி. ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் சிலர் குறைத்துக் கொடுப்பார்கள். ஆப்பிலேயே பதிவு செய்திருந்தாலும் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, “காலையில ஆறு மணிக்கு வர்றோம், எங்க பேர்ல ரூம் இருக்குதானே?” என்று கேட்டுவிடுங்கள். “அப்படி ஒரு புக்கிங்கே வரலையே” என்ற பதிலை விடிகாலையில் வாசலில் நின்று கேட்பதைவிட, முதல் நாள் வீட்டிலிருந்து கேட்பது மேல்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. விடுதிகளின் பெயரில் போலி எண்களை இணையத்தில் போட்டு, “முழுப் பணத்தையும் அனுப்பினால்தான் ரூம்” என்று யு.பி.ஐ-யில் கறப்பவர்கள் இருக்கிறார்கள். அவசரப்படுத்தினாலோ, தனிநபர் பெயருக்குப் பணம் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பில்லில் கண் வையுங்கள்

ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். முன்பு 12 சதவிகிதமாக இருந்தது. 1,000 ரூபாய் அறைக்கு வரி 50 ரூபாய்தான். பழைய கணக்கில் 120 ரூபாய் கேட்டால், கேள்வி கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாத சிறிய லாட்ஜ், வரி என்று எதையும் வாங்க முடியாது. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கவும் முடியாது. சிக்கல் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடையாளச் சான்றின் நகல் கேட்டால், யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் கிடைக்கும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுக்கலாம். அதில் முதல் 8 எண்கள் மறைந்து, கடைசி 4 எண்கள் மட்டுமே தெரியும்.

சாவியை வாங்கும் முன்...

“ரூமைப் பார்த்துட்டு வந்துடுறோமே” என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல லாட்ஜில் மறுக்க மாட்டார்கள். உள்ளே போனதும் குழாயைத் திறந்து பாருங்கள். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். வெந்நீர் எத்தனை மணி வரை வரும், லிஃப்ட் இருக்கிறதா, பெரியவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேளுங்கள். தீ விபத்து நடந்தால் இறங்கும் படி எந்தப் பக்கம் என்பதையும் ஒருமுறை பார்த்துவையுங்கள். ஜன்னலே இல்லாத அறை என்றால், நூறு ரூபாய் குறைத்தாலும் வேண்டாம்.

இவ்வளவையும் விடிகாலை அலுப்பில், குழந்தை அழும்போது செய்ய முடியாது. முதல் நாள் இரவு ரயில் ஏறும் முன் இரண்டு லாட்ஜ்களுக்குப் போன் செய்து, மணிக் கணக்கைக் கேட்டு, பெயரைச் சொல்லி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மறுநாள் ஸ்டேஷன் வாசலில் யார் பையைத் தூக்க வந்தாலும், “வேணாம்ப்பா, ரூம் சொல்லியாச்சு” என்று சாலையைக் கடந்துவிடலாம். பாட்டி காலை நீட்டிப் படுக்கலாம். அம்மாவும் அப்பாவும் குளித்து முடித்து, ஃபைலை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு நேரத்துக்கு ஓ.பி. வரிசையில் போய் நிற்கலாம்.