பழைய கணிப்பொறியும் கட்டற்ற இயங்குதளமும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதுகாறும் செய்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியோ பழைய பொறிகள் பலவற்றிற்கு இல்லை. பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் அத்திப்பள்ளியிலும் உழைத்துப் பிழைக்கும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் படிப்புக்கென எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழையதாக வாங்கிய கணிப்பொறிகள் பலவற்றை யான் கண்டிருக்கிறேன். உறுப்புகள் பழுதின்றி இருந்தும், 'இனி இது உதவாது' என்று அவற்றை மூலையில் வைத்துவிடுவோர் உளர். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

இயங்குதளம் என்பது யாது? இரயில்வேயில் பணிபுரிபவனாதலின் எனக்கு இரயில் உவமையே முன்வந்து நிற்கிறது. ஆனேக்கல் ரோடு நிலையத்தில் எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்பது, எது முன் செல்வது என்று நிலைய அதிகாரி முறைப்படுத்துகிறார் அன்றோ? அங்ஙனமே கணிப்பொறியின் நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றை எந்த நிரல் எப்பொழுது பயன்படுத்தலாம் என முறைசெய்வது இயங்குதளம். அதன் விதிகள் எழுதப்பட்ட ஏட்டிற்கு மூலநிரல் என்று பெயர். விண்டோஸின் ஏட்டை அதன் நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. லினக்ஸின் ஏடோ யாவர்க்கும் திறந்தே கிடக்கிறது. படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்து அண்டை வீட்டார்க்கும் அளிக்கலாம்.

இவ்வுரிமைக்கு வித்திட்டவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன். 1983-இல் குனு என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், இதனை விளக்க ஸ்டால்மன் பட்டபாடு பெரிது. தமிழில் அத்தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நம் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அந்த லினக்ஸ் கருவின்மேல் எழுந்ததே என்பதைப் பலர் அறியார்.

நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. ஏடு திறந்திருந்தமையால், 2000-ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் இணையவழி ஒன்றுகூடி, கேடியீ என்னும் திரைமுகப்பின் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். சென்னையில் 'ழ கணினி' என்னும் முயற்சியும் எழுந்தது. எந்த நிறுவனத்தின் வாயிலிலும் விண்ணப்பத்தோடு அவர்கள் காத்து நிற்கவில்லை. இத்தனை பேர் வாங்குவர் என்று கணக்குக் காட்டவும் வேண்டியிருக்கவில்லை. பிழையான சொல்லைக் கண்டவர் தாமே திருத்தம் அனுப்பலாம், இன்றும் அனுப்பலாம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டுக் கணிப்பொறியேனும் தமிழில் பேசினால் எழுத்து மறவாதிருக்கும் என்பது என் எண்ணம். வேண்டும்போது அதே பொறியைக் கன்னடத்திற்கும் மாற்றிக்கொள்ளலாம், அதற்கும் கட்டணமில்லை.

அரசுகளும் இவ்வழி சென்றதுண்டு. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் 'பாஸ்' என்னும் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தமிழகம் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. (என் உறவுப் பிள்ளைகள் இருவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கற்பிப்பாரின்றிக் கருவியை மட்டும் தந்தால் இப்படித்தான் ஆகும்.) கேரளத்தார் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சியளித்துப் பள்ளிகளில் லினக்ஸை நிலைநாட்டினர். இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பொறிகளில் அதனை நிறுவுவதால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமென 2019-இல் கணக்கும் உரைத்தனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தாலுகாவை நோக்கி வரும் பன்னேர்கட்டா சாலையருகே, சுதர்சன் லேஅவுட் என்னும் குடிசைப் பகுதியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அம்பேத்கர் பெயரால் ஒரு கணிப்பொறி மையம் அமைத்தனர். ஏழைச் சிறுவர் அங்கே கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளில் ஓவியம் தீட்டக் கற்றனர். விலைகொடுத்து வாங்கும் மென்பொருளாயிருந்தால் அவர்கள் கைக்கு அது எட்டியிருக்குமா?

செய்யவேண்டுவது கடினமன்று. லினக்ஸ் மிண்ட், லுபுண்டு போன்றவற்றுள் ஒன்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பொறியைத் துவக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஊறு நேராது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். ஆயின் சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். விண்டோஸுக்கென்றே செய்த கணக்கு மென்பொருள்களும் விளையாட்டுகளும் எல்லாம் ஓடா. அவற்றையே நம்பியிருப்போர் முன்னரே சோதித்துக்கொள்க. நிறுவ முடிவுசெய்த பின், புகைப்படங்களையும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளையும் வேறொரு தட்டில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது ஒரு விசையைத் தவறி அழுத்தினால் பழைய தட்டு முழுதும் அழிந்துவிடும்.