சுவரேறும் பயிற்சியும் எம்மவர் உடல்நலமும்

பிரித்தானியாவின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964ஆம் ஆண்டு டொன் றொபின்சன் என்னும் விரிவுரையாளர் நடைகூடச் சுவரொன்றிலே கற்துண்டுகளைப் பதிப்பித்தார். மலையேறும் மாணவர் மழைக்காலத்திலும் பயிற்சி பெறவென எழுந்த அச்சுவர், இன்று ஐரோப்பிய நகரங்களெங்கும் காணப்படும் ஏறுசுவர் மண்டபங்களின் முன்னோடிகளுள் ஒன்றாகும். 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. ஆயினும் நாம் எழுத முற்பட்டது பதக்கம் வெல்வோரைப் பற்றியன்று. நாற்பதைக் கடந்து, வேலைத்தலத்திலும் வாகனத்திலும் தொலைக்காட்சி முன்னும் அமர்ந்தே நாளைக் கழிக்கும் எம்மவரைப் பற்றியே.

தெற்காசியரை நீரிழிவு இளவயதிலேயே, பெரிதும் பருக்காத உடலிலும் பற்றுகின்றது என்பது மருத்துவர் அறிந்த உண்மை. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், இரு நாட்கள் தசைப்பயிற்சியும் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்போர்கூட இரண்டாவதைக் கைவிட்டுவிடுகின்றனர். சுவரேறும்போதோ இதயமும் தசைகளும் ஒருங்கே உழைக்கின்றன.

கையில் வலுவில்லையே எனத் தயங்க வேண்டியதில்லை. உடலை மேலே தள்ளுவன கால்களே. ஊரிலே தளைநாரிட்டுப் பனையேறியோரை அண்ணாந்து பார்த்த எமக்கு இது புதிதன்று. (அவ்வுழைப்பை அன்று எவரும் உடற்பயிற்சி என்று போற்றவில்லை என்பது வேறு கதை.)

உயர்ந்த சுவர்களில், இடுப்பு வாரில் கட்டிய கயிறு உச்சியைச் சுற்றி இறங்கிக் கீழே நிற்கும் துணைவரின் பிடியிலிருக்கும். கால் தவறினால் தொங்குவோமேயன்றி விழமாட்டோம். சுமார் நான்கு மீற்றர் உயரச் சுவர்களில் கயிறில்லை, தடித்த மெத்தையே உண்டு. முழங்கால் நோவுள்ளோர் அங்கே குதியாது, படிப்படியாக இறங்குதல் நன்று. பிடிகளின் நிறம் வழியின் கடினத்தைக் காட்டும், எளியதில் தொடங்குக.

ஜேர்மனியின் ஏர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உளவழிகாட்டலோடு எட்டு வாரம் குழுவாக ஏறியோரின் மனச்சோர்வு, முறைக்காகக் காத்திருந்தோரினும் அதிகம் குறைந்தது. அடுத்த பிடி எதுவென்று தேடும் மனத்துக்கு வேறு கவலைக்கு இடமேது? ஊர்நினைவில் உறக்கமிழந்தோர் எம்மிடையே எத்தனை பேர்!

இதயநோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் முன்னதாக வைத்தியரைக் கேட்டறிக. இன்சுலின் ஏற்றுவோர் சீனியேதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். மோதிரமும் சங்கிலியும் கழற்றப்படவேண்டியவை. கட்டணம் சற்று அதிகமே. சலுகை நேரம் உண்டா என விசாரித்தல் நன்று. முதல் நாளில் அரைமணி நேரம் போதும். மறுநாள் முன்கை விறைக்கும். இரு நாள் ஆறவிட்டு மீண்டும் ஏறலாம்.