வாழையிலையில் உருட்டிய பழச் சுஷி

விடுமுறை நாட்களில் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிய பலகாரம் ஒன்றைச் செய்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. இம்முறை பலகாரத்தைத் தேர்ந்தவர்கள் பிள்ளைகளே. கைப்பேசியில் கண்ட ஜப்பானியச் சுஷி வேண்டுமாம்; ஆனால் மீன் கூடாதாம். அவர்களுள் இருவர் பால், தயிர், நெய் எதனையும் தொடாதவர்கள். தேனும் ஆகாது என்றார்கள். எஞ்சியவை அரிசி, தேங்காய், பழம், வெல்லம். இவை போதாவா என்ன? அடுப்பை மூட்டினோம்.

அடுத்த வீட்டுப் பாட்டி திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது, இத்தீவிலேயே பிறந்தவர். “சோற்றை வைத்து விளையாட்டா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அப்போது நான் விடை சொல்லவில்லை.

சுஷி என்றதும் நமக்குப் பச்சை மீனே நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியது மீனன்று, புளிப்பூட்டிய சோறே. முற்காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றினுள் புதைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். உண்ணும்போது மீனை எடுத்துக்கொண்டு சோற்றை எறிந்துவிடுவார்களாம்! பிற்காலத்திலேதான் சோற்றில் காடி சேர்த்து, அதனையும் உடன் உண்ணும் வழக்கம் தோன்றியது. கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்து விற்கும் முறை, எடோ என்று வழங்கிய இன்றைய டோக்கியோ நகரில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிற்று. நீராகாரத்தின் புளிப்பை அறிந்த நம்மவர்க்கு இச்செய்தி அத்தனை அயலானதன்று.

இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தார்க்கோ இது இன்னும் நெருக்கமானது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையொட்டித் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் சில குடும்பங்கள் நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில், ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டன. தேங்காய்ப்பாலில் குழைய வெந்த சோற்றைத் தட்டில் பரப்பி, அழுத்தி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறும் பாற்சோற்றை அவர்கள் அறிவார்கள். சிங்களர் அதனைக் கிரிபத் என்பர். அந்தப் பாற்சோற்றைத் தட்டையாக வெட்டாமல் உருட்டி வெட்டினால் நம் பழச் சுஷி ஆகிவிடும்.

ஒரு கோப்பைப் பச்சரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டேகால் கோப்பைத் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். புழுங்கலரிசி ஒட்டாது, அதனை விட்டுவிடுங்கள். ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு போட்டால் மணமாயிருக்கும். தண்ணீர் வற்றியதும் முக்கால் கோப்பைக் கெட்டித் தேங்காய்ப்பால், நான்கு மேசைக்கரண்டிச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறு தீயில் கிளறவேண்டும். தீ மிகுந்தால் எண்ணெய் பிரிந்துவிடும். சோறு பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கித் தட்டில் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைத் தெளியுங்கள். ஜப்பானியர் காடியால் பெறும் புளிப்பை நமக்கு அது தந்துவிடும்.

சென்னைக்கும் இவ்விடத்துக்கும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறினால் மூன்று நாள் போல ஆகிறது. சரக்குக் கப்பலை எதிர்நோக்கியிருக்கும் ஊரில் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் பால் தேங்காய்ப்பால்தான். இதில் மற்றுமொரு நன்மை உண்டு. அன்னாசியைப் பசும்பாலில் சேர்த்தால் சிறிது நேரத்தில் கசந்துவிடும். தேங்காய்ப்பாலில் அந்தத் தொல்லை இல்லை.

பழங்களை விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்றுகளாக அரிந்துகொள்ளுங்கள். பப்பாளி செந்நிறத்துக்கு, அன்னாசி மஞ்சளுக்கு, வாழை வெண்மைக்கு. அன்னாசியைத் துணியில் ஒற்றி ஈரம் போக்காவிட்டால் உருளை அவிழ்ந்துவிடும். எங்கள் முதல் உருளை அவ்வாறுதான் அவிழ்ந்தது. வாழையிலையைத் தணலில் வாட்டி விரித்து, கையை நனைத்துக்கொண்டு, சோற்றைக் கால் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, நடுவே பழக் கீற்றுகளை அடுக்கி, பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டவேண்டும். இலையை உள்ளே சுருட்டிவிடாமல் மேலுறையாக மட்டும் வையுங்கள். அரைமணி நேரம் சென்றபின் இலையை நீக்கி, வறுத்த கறுப்பெள்ளின்மேல் உருட்டினால், கடற்பாசித் தாள் சுற்றியதுபோலவே கருமை ஏறிவிடும்! பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்த இடம் இதுதான்.

சிறு கிண்ணத்தில் கரிய வெல்லப்பாகு. அது சோயாச் சாறாம். புதினாவும் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த பச்சைத் துவையல், ஜப்பானியரின் காரமான பச்சை விழுதாம்.

உருளையை வெட்டுவதற்கு முன்பு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

1942 மார்ச் 23ஆம் நாள், அன்று போர்ட் பிளேர் என வழங்கிய நம் ஸ்ரீவிஜயபுரத்தில் ஜப்பானியப் படை இறங்கியது. 1945 அக்டோபர் வரை தீவு மீளவில்லை. மருத்துவர் திவான் சிங் சிறைக்கொடுமையால் 1944 ஜனவரி 14ஆம் நாள் உயிர் நீத்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போரின் இறுதியில் கடல்வழி அடைபட்டு உணவு அற்றுப்போனது. 1945 ஆகஸ்டில், பயிரிட அழைத்துச் செல்வதாகக் கூறி நூற்றுக்கணக்கானவரைக் கப்பலேற்றி, இன்று ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக் அருகே கடலில் தள்ளினர். பிழைத்தவர் மிகச் சிலரே.

பாட்டி இவற்றுள் எதனையும் சொல்லவில்லை. “ஒரு பிடி அரிசி. அதிலே ஐந்து பேர் கஞ்சி குடித்தோம். அம்மா குடித்ததை நான் பார்த்ததில்லை” என்றார்.

ஜப்பானியர் மீதுள்ள கோபம் என்று நான் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. “அவர்கள் ஊர்ப் பிள்ளைகளும் அப்போது பட்டினிதான் கிடந்திருக்கும். பண்டத்தின் மேல் எனக்கு என்ன பகை? சோற்றை இறைக்காதே, அவ்வளவுதான்” என்றார். அப்போது எங்கள் தட்டைப் பார்த்தேன். அவிழ்ந்துபோன முதல் உருளை அப்படியே ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. எனக்கு நாணமாக இருந்தது.

ஆகவே சகோதரிகளே, செய்முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரிய கத்தியைத் தண்ணீரில் நனைத்து, ஓரங்குலத் துண்டுகளாக வெட்டும்போது, உருளையின் இரு முனைகளும் ஒழுங்கில்லாமல் எஞ்சும். அவற்றையும் அவிழ்ந்தவற்றையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்து, மீந்த எள்ளில் புரட்டிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் உண்டுவிடவேண்டும். இத்தீவின் புழுக்கத்தில் தேங்காய்ப்பால் விரைவில் ஊசிப்போகும். குளிர்பெட்டியில் வைத்தாலோ சோறு விறைத்துவிடும்.

எங்களுக்கு ஆறு உருண்டைகள் கிடைத்தன. பிள்ளைகள் அழகிய துண்டுகளைத் தட்டில் அடுக்கிப் பாட்டியிடம் நீட்டினார்கள். அவர் அவற்றை விலக்கிவிட்டு உருண்டையை எடுத்தார். இரண்டு தின்றார். பிறகு பாகுக் கிண்ணத்தை அருகில் நகர்த்தச் சொன்னார்.