சல்லேகனையும் இறுதிக்கால மருத்துவ முடிவுகளும்

முன்னுரை

தீராநோயின் இறுதிநிலையில் சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் வினாவை மருத்துவமும் சட்டமும் இன்று எதிர்கொள்கின்றன. இறப்பை நாடுவதற்கும் வரும் இறப்பை ஏற்பதற்கும் இடையிலான வேறுபாட்டைச் சமயங்கள் முன்னரே ஆராய்ந்துள்ளன. தமிழ்ச் சமணரின் சல்லேகனை நோன்பை முன்வைத்து அவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

நோன்பின் இலக்கணம்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றிலுள்ள கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரிகர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் குறிக்கிறது. அங்குள்ள மற்றொரு கல்வெட்டு இளையபட்டாரரின் 30 நாள் நோன்பைச் சுட்டுகிறது. இந்நோன்பின் இலக்கணத்தைச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதனைத் தழுவிய தமிழ்நூலான அருங்கலச்செப்பும் உரைக்கின்றன. விலக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராநோய் ஆகிய நிலைகளிலேயே இது மேற்கொள்ளத்தக்கது. உணவு படிப்படியாகக் குறைக்கப்படும். வாழும் ஆசையைப் போலவே விரைந்து இறக்கும் ஆசையும் நோன்பிற்குக் குற்றமாகும். சமணர் இதனைத் தற்கொலையிலிருந்து வேறுபடுத்துவதற்கு இவ்விதியே அடிப்படை.

யூதநெறியுடன் ஒப்பீடு

யூதநெறியில் உயிர்காத்தல் தலையாய கடமை. இறக்கும் நிலையிலுள்ளவரின் முடிவைச் சற்றே விரைவுபடுத்துவதும் குற்றம். எனினும், உயிர் பிரிவதைத் தடுத்துநிற்கும் புறக்காரணத்தை அகற்றலாம் என 16ஆம் நூற்றாண்டுப் போலந்து யூத அறிஞர் மோசே இசர்லெஸ் எழுதினார். இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வேறுபாட்டை ஏற்றது. தொடர்சிகிச்சையை இடையில் நிறுத்த அது இசைவதில்லை. விட்டுவிட்டு அளிக்கப்படும் சிகிச்சையை நோயாளியின் விருப்பப்படி மீண்டும் தொடங்காதிருக்க இசைகிறது.

இந்தியச் சட்டநிலை

10.08.2015 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம், சல்லேகனை சமண சமயத்தின் இன்றியமையாக் கூறு அன்று எனக் கூறி, அதனைத் தற்கொலையாகக் கருத ஆணையிட்டது. 31.08.2015 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பிற்குத் தடை விதித்தது. பின்னர் 09.03.2018 அன்று 'காமன் காஸ்' வழக்கில், மாண்புடன் இறத்தல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்றும், சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நீதித்துறை நடுவரின் மேலொப்பத்திற்கு மாற்றாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலரின் சான்று போதுமானதாயிற்று.

முடிவுரை

மருத்துவமனையில் சிகிச்சையை மறுக்கும் முதியவருக்கு 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு துணைநிற்கிறது. அதே நிலையில் இல்லத்தில் முறைப்படி உணவைத் துறப்பவரை 2015ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பு குற்றவாளியாக்கியது. தன்னுரிமை சட்டத்தின் அளவுகோல். பற்றின்மை சமணத்தின் அளவுகோல். எனவே, உணவைத் துறக்கும் செயலை மட்டும் நோக்காது, அதன் நோக்கம், உடல்நிலை, படிநிலை ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாய்வுக்குத் தமிழ்க் கல்வெட்டுகளும் அறநூல்களும் முதன்மைச் சான்றுகளாகின்றன.