எத்தனை பீஸ் வேணும், தம்பி?

காலை எட்டு மணிக்கு ஆவடி - பூந்தமல்லி சாலையில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றால், இரண்டு வகைப் பேருந்துகள் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம். ஒன்று கல்லூரிப் பேருந்து. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள், காதில் இயர்போன். மற்றொன்று கம்பெனி வண்டி. டிபன் பாக்ஸும் அடையாள அட்டையுமாக ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். வேல்டெக், எஸ்.ஏ., பனிமலர், சவீதா என்று பொறியியல் கல்லூரிகள் இந்தப் பக்கம் நிறைய. அம்பத்தூர், திருமழிசை, காக்களூர் என்று தொழிற்பேட்டைகளும் அதே அளவுக்கு உண்டு. இரண்டு கூட்டமும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. ஆனால் ஒரு மாணவர் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு லேத் பட்டறைக்குள் கால் வைக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று கல்லூரியில் கிளம்பும் பேருந்து பல சமயம் மூணாறிலோ கொடைக்கானலிலோ போய் நிற்பது ஊரறிந்த ரகசியம்.

தொழில்முனைவு என்ற பாடம் இந்தக் கல்லூரிகளுக்குள் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முழுக்க மாறவில்லை.

இந்த வட்டாரத்தின் தொழில் வரலாறு சுவாரசியமானது. 1955-இல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. பத்தே ஆண்டுகளில் அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அது அரசுத் தொழில். பக்கத்தில் அம்பத்தூரில் தனியார் தொழில்: டி.ஐ. சைக்கிள், டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். இந்தப் பெரிய ஆலைகளுக்குத் திருகு, புஷ், பிராக்கெட் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்காக 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. பெரிய ஆலையில் லேத் ஓட்டிப் பழகி, சேமிப்பையும் மனைவியின் நகையையும் போட்டு ஒரே ஒரு பழைய மெஷினோடு சொந்தமாக ஆரம்பித்தவர்கள் இங்கே ஏராளம். தொழில்முனைவு என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைச் செய்து முடித்தவர்கள்.

இன்றைய மாணவருக்கு வழி வேறு. மாணவர் குழுக்கள் அரசுத் துறைகள் கொடுக்கும் சிக்கல்களுக்குத் தீர்வு தேடும் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' 2017-இல் தொடங்கியது. குழுவுக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் அதே பாணியில் 'நிரல் திருவிழா' வந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு ஆவடி வேல்டெக் வளாகத்திலேயே ஒரு தொழில் வளர்ப்பகம் இயங்குகிறது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 2019-இல் வந்த தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, மாணவர் தொடங்கும் தொழிலையே அவருடைய ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்கிறது.

காகிதத்தில் குறை எதுவும் இல்லை. குழு ப்ராஜெக்ட் என்பது நடைமுறையில் என்ன கற்றுத்தருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வது வசதி.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவில் நான்கு பேர். இந்தப் பக்கத்து வீடுகளில் குடிநீர் என்றால் 20 லிட்டர் கேன். அதை ஸ்கூட்டரின் முன்பக்கம், இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்து ஓட்டுவது ஒரு வித்தை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கேன் சாயும். கேனைப் பிடித்து நிறுத்த ஒரு கம்பிச் சட்டம் செய்தால் என்ன? நல்ல யோசனைதான். கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வகுப்புத் தோழர்களுக்கு அனுப்புகிறார்கள். 'இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?' ஏறக்குறைய எல்லோரும் 'ஆம்' என்கிறார்கள். வட்ட வரைபடம் போட்டு பி.பி.டி.யில் ஒட்டியாயிற்று.

மதிப்பெண்ணுக்கு இது போதும். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. நண்பன் அனுப்பிய படிவத்தில் 'வாங்க மாட்டேன்' என்று யாரும் எழுதுவதில்லை. அதே நண்பனிடம் நூறு ரூபாய் அட்வான்ஸ் கேட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2011-இல் ஸ்டீவ் பிளாங்க் தொடங்கிய பாடம் இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. திட்ட அறிக்கையை மூடி வை, கட்டடத்தை விட்டு வெளியே போய் வாங்கக்கூடியவர்களிடம் பேசு, வாரா வாரம் வந்து என்ன கேட்டாய் என்று சொல். இதுதான் அங்கே பாடத்திட்டம்.

நம் நான்கு பேரும் வெளியே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பூந்தமல்லியில் ஒரு தண்ணீர் கேன் கடை. கடைக்காரர் தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைக் காட்டுகிறார். பின்னால் மூன்று, முன்னால் இரண்டு என்று கேன்களைக் கயிற்றால் கட்டியிருக்கிறது. "கயிறு இருக்கேப்பா, இது எதுக்கு?" என்கிறார். அவர் வாங்க மாட்டார். பக்கத்தில் தன் ஸ்கூட்டரில் கேன் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி திரும்பிப் பார்க்கிறார். "எவ்வளவு தம்பி வரும்?" அவர்தான் வாடிக்கையாளர். படிவத்தில் 'ஆம்' சொன்ன தோழர்களும் இல்லை, தேடிப் போன கடைக்காரரும் இல்லை, வேறொருவர். வகுப்பறைக்குள் உட்கார்ந்திருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

அடுத்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வெல்டிங் பட்டறை.

"எத்தனை பீஸ் வேணும், தம்பி?"

"பத்து, சார்."

"பத்து பீஸுக்கு ஃபிக்சர் செய்ற காசுகூட வராதேப்பா."

கணக்கு இங்கேதான் முதல்முறையாகக் கண்ணைத் திறக்கிறது. உதாரணத்துக்குச் சில தொகைகள். கம்பி 180 ரூபாய், வெட்டி வளைத்து வெல்டிங் செய்ய 120, பவுடர் கோட்டிங் 60. மொத்தம் 360. நானூறு ரூபாய்க்கு விற்றால் நாற்பது லாபம் என்று பி.பி.டி. சொல்லியிருந்தது. ஆனால் எல்லாச் சட்டமும் ஒரே அளவில் வர வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடித்து வைக்கும் ஃபிக்சர் வேண்டும், அதற்கு 2,500. முதல் பத்தில் இரண்டு கோணிப்போய் ரிஜெக்ட் ஆகிறது. 3,600-உம் 2,500-உம் சேர்ந்து 6,100. அதை எட்டு நல்ல பீஸால் வகுத்தால் ஒன்றின் அடக்கவிலை சுமார் 760 ரூபாய். சரி, நூறு பீஸ் செய்யலாம், ரிஜெக்ட் ஐந்தோடு நிற்கும் என்று வைத்தாலும் அடக்கவிலை 405-இல் வந்து நிற்கிறது. நானூறுக்கு விற்றால் அப்போதும் ஐந்து ரூபாய் நஷ்டம். ஹார்டுவேர் கடைக்காரர் கேட்கும் கமிஷனும் ஆட்டோ வாடகையும் இதில் சேரவே இல்லை. பொறியியல் கணிதத்தில் நான்கு தாள் தேறியவர்களைக் கூட்டல், வகுத்தல் மடக்கிப் போடும் இடம் இது.

பட்டறைக்காரர் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனி அடுத்த ஆர்டரைத் தராமல் போய்விடுமோ என்ற பயத்தில் பட்டறைக்காரர் வாய் திறப்பதில்லை. லாபம் இருந்தும் கையில் காசு இல்லாமல் ஒரு தொழில் எப்படி முட்டிக்கொண்டு நிற்கும் என்பதை அவருடைய மேசையிலிருக்கும் பில் கட்டே சொல்லிவிடும்.

இனி உள்வீட்டு விவகாரம். குழு என்றால் ஒருவர் உழைப்பார், ஒருவர் பேசுவார், ஒருவர் பி.பி.டி.யில் எழுத்துருவை மாற்றுவார், ஒருவருடைய பெயர் மட்டும் இருக்கும். இது நம் ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்து 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தபோது போட்ட பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் ஒவ்வொருவரும் போட்டதாகக் கணக்கு வந்தது. 1979-இல் ஓஹியோவில் பிப் லட்டானேவும் கூட்டாளிகளும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தபோதும், கூட்டம் சேரச் சேர ஆளாளுக்குச் சத்தம் குறைந்தது. யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியே தெரியும்படி வைத்தால் இந்த ஒளிந்துகொள்ளல் குறைகிறது என்பதும் அந்த வரிசை ஆய்வுகளில் தெரியவந்தது. நம் கல்லூரிகளில் பல இடங்களில் நான்கு பேருக்கும் ஒரே அறிக்கை, கிட்டத்தட்ட ஒரே மார்க். ஒளிந்துகொள்ள இதைவிட வசதி வேண்டுமா?

இந்தப் புறநகரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். மாலை கல்லூரிப் பேருந்து கிளம்பிவிட்டால் ஒருவர் திருநின்றவூர், ஒருவர் கொரட்டூர், ஒருவர் திருமழிசை. குழுக்கூட்டம் என்பது வாட்ஸாப்பில் விழும் கட்டைவிரல்கள்தான். பெண்களுக்கு நெருக்கடி கூடுதல். ஹேக்கத்தான் விதிப்படி குழுவில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் மேடையில் விளக்கிச் சொல்லும் வேலை அவருக்கும், பட்டறைக்குப் போகும் வேலை பையன்களுக்கும் என்று பேசாமலே பிரிந்துவிடுகிறது. தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் பட்டறை என்றால், இது சின்ன விஷயமில்லை.

இதற்கெல்லாம் நேர் எதிரான ஒரு கல்லூரி ஃபின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் இருக்கிறது. யோஹனஸ் பார்த்தனன் என்ற மார்க்கெட்டிங் ஆசிரியர் 1993-இல் தொடங்கிய 'டீமியகடேமியா'. வழக்கமான விரிவுரைகள் கிடையாது. ஆசிரியர் என்ற பெயரும் கிடையாது, பயிற்றுநர்தான். சேர்ந்ததும் மாணவர்கள் குழுவாக ஒரு கூட்டுறவு நிறுவனத்தைப் பதிவு செய்கிறார்கள். உண்மையான வாடிக்கையாளர், உண்மையான பில், உண்மையான வரி. மூன்றரை வருடம் அதே குழுவோடு குப்பை கொட்டியாக வேண்டும். படிப்பு முடியும்போது, குழு சம்பாதித்த பணத்தில் உலகப் பயணம் போவது அங்கே வழக்கம். விரிவுரையே இல்லாத பட்டத்தை நம் பல்கலைக்கழகங்கள் நாளைக்கே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி. ஆனால் ஒரு பருவத்துக்காவது மாணவர் குழுவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் ஒரு பில் புத்தகமும் இருக்கக்கூடாதா என்று கேட்பதில் தவறில்லை.

சென்னைக்குள்ளேயே உதாரணம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இன்ஜினியரிங் டிசைன் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் கொஞ்ச காலம் வேலைக்குப் போய்விட்டு, 2013-இல் ஏதர் எனர்ஜியை ஆரம்பித்தார்கள். முதலில் செய்ய நினைத்தது மின்சார ஸ்கூட்டர் இல்லை; அப்போது ஓடிய மின்வண்டிகளுக்கு நல்ல பேட்டரி மட்டும். விசாரிக்கப் போனபோதுதான் கோளாறு பேட்டரியோடு நிற்கவில்லை, வண்டியே சரியில்லை என்று புரிந்தது. திட்டத்தை மாற்றினார்கள். முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வர 2018 ஆயிற்று. பிறகு ஓசூரில் ஆலை வந்தது, 2025-இல் பங்குச்சந்தைக்கும் போனார்கள். அவர்களுக்கு ஐ.ஐ.டி. என்ற முத்திரை உதவியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு திட்டத்தைத் திருப்பிப் போட்ட அந்தத் திருப்பத்துக்கு முத்திரை தேவைப்படவில்லை.

இதற்கு மறுமுனையில் நகரமெங்கும் 'ப்ராஜெக்ட் சென்டர்'கள். தலைப்பு, சர்க்யூட், அறிக்கை, வைவாவில் என்ன பதில் சொல்வது என்பதுவரை பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சென்டர்காரர்தான் இந்தக் கதையில் தேவையைச் சரியாகக் கண்டுபிடித்த தொழில்முனைவோர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வாங்குகிற மாணவருக்குத்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இப்படி நான்கு பேர் சேர்ந்து கம்பிச் சட்டம் செய்த குழு கடைசியில் என்ன ஆகும்? பெரும்பாலும் கேம்பஸ் இண்டர்வியூ வரும், ஆளுக்கொரு கம்பெனியில் சேர்வார்கள். வீட்டில் கல்விக் கடன் இருக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அம்பத்தூரின் பழைய முதலாளிகளும் பத்து வருடம் இன்னொருவரிடம் வேலை பார்த்தவர்கள்தான். பிறகு சொந்தமாகத் தொடங்க நினைப்பவருக்குத் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் 21 வயதுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், அதோடு வட்டியில் 3 சதவீதச் சலுகை. விண்ணப்பத்தோடு திட்ட அறிக்கையும் இயந்திரங்களுக்கான கோட்டேஷனும் வைக்க வேண்டும்.

எந்த மாவட்டத்தில் விண்ணப்பிப்பது என்பதில் மட்டும் இந்தப் பக்கத்து நண்பர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-இலேயே சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. பட்டறையை எந்தப் பக்கம் போடுவது, யார் பெயரில் போடுவது என்பதைப் பேசித் தீர்க்க ஒரு சாயங்காலமாவது ஆகும்.